அடிபம்பிலிருந்து டம்ளர் வரை: போரில் சிக்கிய வீடுகளின் தண்ணீர்

1990 ஆகஸ்ட் கடைசியில், மலாவி நாட்டின் தெற்கே நியாமிதுது என்கிற அகதி முகாமில் காலரா புகுந்தது. முகாமில் இருந்தவர்கள் மொசாம்பிக்காரர்கள். அவர்கள் நாட்டில் 1977-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் அப்போதும் ஓயவில்லை. எல்லை தாண்டி ஓடி வந்தவர்கள் மலாவியில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். டிசம்பர் நடுவில் நோய் அடங்கியபோது எண்ணிப் பார்த்தால் 1,931 பேருக்கு வந்திருந்தது. அவர்களில் நூற்றுக்கு 86 பேர் மலாவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாதவர்கள்.

ஏன் இவர்களுக்கு வந்தது, பக்கத்துக் குடிசைக்காரருக்கு ஏன் வரவில்லை? நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுக் கேள்வி கேட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்களிடம் மூன்று விஷயங்கள் மேலே வந்தன. ஒன்று, ஆற்றுத் தண்ணீரைக் குடிப்பது. இரண்டு, வீட்டில் பிடித்து வைத்திருக்கும் குடிதண்ணீருக்குள் கையை விடுவது. மூன்றாவது கொஞ்சம் விசித்திரமானது: திரும்பச் சூடாக்கப் போதுமான விறகு இல்லாதவர்கள் மீந்துபோன துவரையைச் சாப்பிடுவது. நம்ம துவரையேதான். வேகவைத்த, ஈரமான, புளிப்பில்லாத உணவு வெளியே கிடந்தால் காலராக் கிருமிக்கு அது நல்ல மேய்ச்சல் நிலம்.

ஆற்றுத் தண்ணீர் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் விடாமல் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரில் கை.

ஏன்னா, தண்ணீரால் வரும் நோய் என்றாலே நாம் பார்ப்பது தண்ணீர் கிளம்புகிற இடத்தைத்தான். ஆறு, கிணறு, தொட்டி, குழாய். அங்கே சுத்தம் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஒரு நினைப்பு. போர் நடக்கும் ஊர்களில் எழுதப்படும் அறிக்கைகளிலும் 'இத்தனை லட்சம் லிட்டர் சுத்தமான தண்ணீர் வழங்கப்பட்டது' என்றுதான் வரும். வழங்கிய இடத்துக்கும் குழந்தை குடிக்கிற டம்ளருக்கும் நடுவில் சில மணி நேரம் இருக்கிறது, ஒரு பாத்திரம் இருக்கிறது, சில கைகள் இருக்கின்றன. அந்த நடுப்பகுதியை யாரும் எண்ணுவதில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய ஒரே ஒரு கணக்கு. 2019 மார்ச்சில் யுனிசெஃப் நிறுவனம், நீண்டகாலமாகப் போர் நடக்கும் 16 நாடுகளின் இறப்பு விவரங்களை எடுத்துப் பார்த்தது. குண்டு, துப்பாக்கி போன்ற நேரடி வன்முறையில் சாவதைவிட, சுத்தமான தண்ணீரும் கழிப்பிட வசதியும் இல்லாததால் வரும் வயிற்றுப்போக்கில் சாவதற்கான வாய்ப்பு ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குச் சராசரியாக 20 மடங்குக்கும் மேல். நாம் டிவியில் பார்ப்பது குண்டை மட்டும்தான்.

சரி, போர் தண்ணீரை என்ன செய்கிறது? குழாயை உடைக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் பல இடங்களில் குழாய் உடையவே வேண்டியதில்லை. ஏமனைப் பாருங்கள். மழை குறைவான நாடு. நகரத் தண்ணீரில் பெரும்பகுதி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பம்பு வைத்து இறைப்பது. பம்புக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் டீசல் வேண்டும். டீசல் கப்பலில் வரவேண்டும். 2015-இல் போர் பெரிதானபிறகு இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணி அறுந்துகொண்டே இருந்தது. 2017 ஏப்ரலில் மின்சாரம் இல்லாமல் தலைநகர் சனாவின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நின்றது. 2016 பிற்பகுதியிலிருந்து அரசு ஊழியர் பலருக்குச் சம்பளமே இல்லை, குப்பை அள்ளுபவர் உட்பட. ஏப்ரல் கடைசியில் காலராவின் இரண்டாவது அலை கிளம்பியது. அந்த வருடம் நவம்பரில் சவூதி தலைமையிலான கூட்டணி துறைமுகங்களை மூடியதும், ஹொதைதா, சாதா, தாயிஸ் ஆகிய ஊர்களில் எரிபொருள் இல்லாமல் தண்ணீர் விநியோகம் நின்றுபோனதாகச் செஞ்சிலுவைச் சங்கம் சொன்னது. அங்கே குழாய்மேல் குண்டு விழ அவசியமே இருக்கவில்லை. டீசல் வராதது போதுமானதாக இருந்தது.

2017 டிசம்பருக்குள் ஏமனில் காலரா என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள். இறந்தவர்கள் 2,200-க்கும் மேல். 'சந்தேகிக்கப்பட்ட' என்கிற சொல்லைக் கவனியுங்கள். கடுமையான தண்ணீர்ப் பேதி என்று வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில் அடக்கம். ஒவ்வொருவருக்கும் பரிசோதனை செய்யும் நிலையில் அங்கே ஆய்வுக்கூடங்கள் இல்லை. ஆகவே அதில் ஒரு பகுதி வேறு கிருமிகளால் வந்த வயிற்றுப்போக்காக இருந்திருக்கும். அந்தத் தாய்க்கு அந்த வித்தியாசத்தால் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை. ஆனால் நமக்கு அது முக்கியம். எந்தக் கிருமி என்பதைப் பொறுத்துத் தண்ணீரின் பங்கே மாறுகிறது.

இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர் டேவிட் பிராட்லி. கில்பர்ட் வைட், ஆன் வைட் ஆகியோரோடு சேர்ந்து, கிழக்கு ஆப்பிரிக்க வீடுகள் தண்ணீரை எப்படிக் கொண்டுவருகின்றன, எவ்வளவு செலவழிக்கின்றன என்று ஆராய்ந்து 1972-இல் அவர் எழுதிய புத்தகம் இந்தத் துறையில் இன்றைக்கும் அடிப்படை. அவர் சொன்ன நான்கு வகைகளில் இங்கே இரண்டு போதும். ஒன்று, கிருமி தண்ணீரிலேயே இருந்து, அதைக் குடிப்பதால் வரும் நோய். இன்னொன்று, கழுவத் தண்ணீர் போதாததால் வரும் நோய். முதலாவதுக்கு மருந்து தண்ணீரின் தரம். இரண்டாவதுக்கு மருந்து அளவு, தண்ணீர் சுமார் தரத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

நல்ல ஆரோக்கியமான ஆளுக்குக் காலரா வர, வயிற்று அமிலத்தைத் தாண்டிப் பிழைக்கும் அளவுக்குக் கிருமிகள் கோடிக்கணக்கில் உள்ளே போகவேண்டும். ஒரு குவளைத் தண்ணீரோ ஒரு தட்டுத் துவரையோ அதைச் சுமந்து வரும். இரத்தமும் சளியுமாகப் போகிற சீதபேதியைக் கொண்டுவரும் ஷிகெல்லாவுக்குப் பத்து முதல் நூறு கிருமிகள் போதும். அதற்கு ஒரு விரல் நுனியே வண்டி.

இரண்டும் அடுத்தடுத்து வந்து போன இடம் கோமா. 1994 ஜூலை நடுவில், ருவாண்டாவில் இனப்படுகொலை முடிகிற தறுவாயில், சில நாட்களுக்குள் ஐந்து லட்சம் முதல் எட்டு லட்சம் பேர் எல்லையைத் தாண்டி அன்றைய ஜயர் நாட்டின் கோமா பகுதிக்குள் வந்தார்கள். (அவர்களில் கொலைகாரர்களும் இருந்தார்கள் என்பது அந்த முகாம்களின் தீராத சிக்கல். அதை இங்கே எழுத ஆரம்பித்தால் முடியாது.) தரை முழுக்க எரிமலைப் பாறை. கழிப்பறைக்குக் குழி தோண்ட முடியவில்லை, புதைக்கவும் குழி தோண்ட முடியவில்லை. ஒரு பக்கம் கிவு ஏரி பரந்து கிடந்தது. ஏரி இல்லாத கிபும்பா முகாமுக்கு லாரியில்தான் தண்ணீர் போகவேண்டும். முதல் வாரத்தில் கொடுக்க முடிந்த சுத்திகரித்த தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 0.2 லிட்டர். நம் வீட்டு டம்ளரில் ஒன்று. முதல் காலரா, அது தணியும்போது சீதபேதி. ஒரே மாதத்தில் சுமார் 50,000 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலான சாவு வயிற்றுப்போக்கால்.

கோமாவில் நடந்ததைப் பின்னால் எல்லாரும் உட்கார்ந்து அலசினார்கள். அந்த அலசலிலிருந்துதான் 1997-இல் ஸ்ஃபியர் என்கிற முயற்சி பிறந்தது. பேரிடரில் சிக்கிய மனிதருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு கிடைக்கவேண்டும் என்று எண் போட்டுச் சொல்கிற கையேடு அது. தண்ணீருக்கு அது சொல்வது: ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் தண்ணீர் பிடிக்கும் இடம், ஒரு குழாய்க்கு அதிகபட்சம் 250 பேர், வரிசையில் நிற்பது அரை மணிக்குள்.

இந்த எண்களை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். 250 பேருக்குத் தலைக்கு 15 லிட்டர் என்றால் 3,750 லிட்டர். ஒரு குழாய் நிமிடத்துக்கு ஏழரை லிட்டர் கொட்டினால், இதைப் பிடித்து முடிக்க எட்டு மணி நேரம் இருபது நிமிடம். குழாயை ஒரு நொடிகூட மூடாமல், ஒருவர் கேனை எடுத்ததும் அடுத்தவர் வைத்தால். டீசல் இல்லாமல் பம்பு நாலு மணி நேரம்தான் ஓடுகிறது என்றால் பாதிப் பேருக்குப் பாத்திரம் நிறையாது, இல்லை எல்லாருக்கும் பாதிப் பாத்திரம்தான். ஐந்து பேர் வீட்டுக்கு 75 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் கிட்டத்தட்ட நாலு. ஒவ்வொன்றும் இருபது கிலோ. தூக்குவது யாரென்று சொல்லவேண்டியதில்லை: பெண்கள், பிள்ளைகள்.

போய்வர அரை மணிக்கு மேல் ஆகத் தொடங்கினால் வீட்டுக்கு வரும் தண்ணீரின் அளவு குறையும் என்பது பல ஊர்களில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். குறையும்போது எது முதலில் போகும்? குடிப்பது போகாது, சமைப்பது போகாது. கை கழுவுவது போகும். குழந்தையைக் கழுவிவிட்ட கையை இன்னொரு தடவை கழுவுவது போகும். அழுக்குத் துணி நாளைக்குத் தள்ளிப்போகும். அப்போது ஷிகெல்லாவுக்கு வழி திறந்துவிடுகிறது, குழாயில் வந்த தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும்.

அளவு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறமும் மிஞ்சுவதுதான் அந்தக் கை. மறுபடி நியாமிதுதுக்குப் போவோம்.

1993-94இல் அதே முகாமில் லெஸ் ராபர்ட்ஸும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். முதலில் தண்ணீரைப் பின்தொடர்ந்து போனார்கள். அடிபம்பிலிருந்து வரும்போது மலத்தில் வாழும் கோலிஃபார்ம் கிருமி தண்ணீரில் இல்லை, அல்லது மிகக் கொஞ்சம். வாளிக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடுகிறது. முக்கியக் காரணம் கை. வாய் அகன்ற வாளி. அலசும்போது உள்ளே கை, தூக்கும்போது விளிம்பைத் தாண்டி விரல், வீட்டில் குவளையால் மொள்ளும்போது மணிக்கட்டு வரைக்கும் கை. யாரும் அசட்டையாக இருக்கவில்லை. அகன்ற வாளியில் வேறு எப்படித்தான் தண்ணீர் எடுப்பது?

அதனால் வாளியை மாற்றினார்கள். 20 லிட்டர் வாளி, மேலே கை நுழையாத மூடி, ஊற்ற ஒரு மூக்கு. அவ்வளவுதான். குளோரின் கிடையாது, வடிகட்டி கிடையாது. 1,160 பேர் கொண்ட வீடுகளில் கால்வாசி வீடுகளுக்கு, வைத்திருந்த பாத்திரங்களுக்குப் பதிலாக இந்த வாளிகளைக் கொடுத்துவிட்டு, நாலு மாதம் போல எல்லா வீடுகளையும் கவனித்தார்கள். புது வாளித் தண்ணீரில் மலக்கிருமி அளவு 69 சதவீதம் குறைவு. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு 31 சதவீதம் குறைவு. அதே முகாமில் நடந்த இன்னொரு ஆய்வில், வீட்டில் சோப்பு இருந்த நாட்களில் வயிற்றுப்போக்கு 27 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு மூடி, ஒரு சோப்புக் கட்டி. போர்க்கால நிவாரணத்தில் இதைவிட மலிவாக என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இதைப் படித்ததும் நம்ம பாட்டிகள் சிரிப்பார்கள். இடுப்பில் வைக்கிற குடத்துக்குக் கழுத்து ஏன் குறுகல்? தளும்பாமல் இருக்கத்தான் என்று நாம் நினைக்கிறோம். கை போகாது என்பது கூடவே வந்த லாபம். இது வெறும் பெருமைப் பேச்சு இல்லை, இதற்கும் சோதனை உண்டு. 1980-களில் கல்கத்தாவின் சேரிகளில், காலரா வந்த ஒருவர் இருக்கிற வீடுகளை எடுத்துக்கொண்டு, சில வீடுகளுக்குக் குளோரின், சில வீடுகளுக்குச் 'சோராய்' என்கிற குறுகிய கழுத்து மண் கூஜா, சில வீடுகளுக்கு ஒன்றும் இல்லை என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றும் கொடுக்காத வீடுகளில் மற்றவர்களுக்குக் கிருமி தொற்றியது 17.3 சதவீதம். குளோரின் வீடுகளில் 7.3. கூஜா வீடுகளில் 4.4. மருந்தைவிடப் பானையின் கழுத்து நன்றாக வேலை செய்திருக்கிறது! அகதியாக ஓடுகிறவர் எடுத்துப்போகிற சாமான்களில் குடம் இருக்காது. நிவாரணமாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு அகன்ற பிளாஸ்டிக் வாளி, அதுவும் வீட்டுக்கு ஒன்று. பிடிப்பதும் அதில்தான், சேர்த்து வைப்பதும் அதில்தான், சில சமயம் துணி அலசுவதும் அதிலேயேதான். பிடிக்க ஒன்று, சேர்த்து வைக்க ஒன்று என்று வீட்டுக்கு இரண்டு பாத்திரம் வேண்டும் என்று ஸ்ஃபியர் சொல்வது இதனால்தான்.

இங்கே கொஞ்சம் நிதானிக்கவேண்டும். மலாவியின் அந்த 31 சதவீதம் புள்ளியியல் விளிம்பில் நிற்கிற எண். தற்செயலாகவே இந்த அளவு வித்தியாசம் வர நூற்றுக்கு ஆறு வாய்ப்பு இருந்தது. வழக்கமாக ஐந்துக்குக் கீழே இருந்தால்தான் உறுதி என்பார்கள். அதோடு இந்த மாதிரி ஆய்வுகளில் வயிற்றுப்போக்கு ஆனதா என்று தாயைக் கேட்டுத்தான் எழுதிக்கொள்கிறார்கள். புது வாளி வாங்கிக்கொண்டவர், கொடுத்தவர் முகம் வாடக்கூடாது என்று ஒன்றிரண்டைக் குறைத்துச் சொல்லலாம். வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பு ஆய்வுகளை 2009-இல் அலசிய ஷ்மிட், கெய்ர்ன்கிராஸ் இருவரும் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார்கள்: யாருக்கு உண்மையான மருந்து, யாருக்கு வெறும் தண்ணீர் என்று தெரியாமல் மறைத்து நடத்திய சில சோதனைகளில் பெரிய பலன் தெரியவில்லையே? நியாயமான கேள்வி. வாளியை மறைத்து வைத்துச் சோதனை நடத்தவும் முடியாது. என் கணிப்பு: 31 என்கிற எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 69 சதவீதக் கிருமிக் குறைவு யாரையும் கேட்டு எழுதியது இல்லை, தண்ணீரை எடுத்துச் சோதித்தது. 1990-இன் காலரா விசாரணையும் கையைத்தான் காட்டியது. கல்கத்தாவும் அதையே காட்டுகிறது. மூன்று வேறு வழிகளில் போய் ஒரே இடத்தில் நிற்கிறோம்.

வாளியை மாற்ற முடியாத இடத்தில் என்ன செய்வது? குளோரின். கிருமியைக் கொன்றதுபோகத் தண்ணீரில் மிச்சம் நிற்கிற குளோரின்தான் காவல்காரன். பிறகு கை பட்டாலும் வந்த கிருமியை அது பார்த்துக்கொள்ளும். குழாயடியில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிச்சம் இருந்தால் போதும் என்பது ரொம்ப காலமாக எல்லாரும் பின்பற்றிய விதி. நகரக் குழாய்க்காக வகுத்த பழைய அளவை ஒட்டி வந்தது அது. நகரத்தில் குழாயைத் திறந்த உடனே குடித்துவிடுகிறோம். முகாமில் அப்படியா?

சூடானின் நீல நைல் மாநிலத்தில் நடந்த சண்டையிலிருந்து தப்பி, 2011-இலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெற்கு சூடானின் மாபான் பகுதிக்கு வந்தார்கள். 2012-இல் அந்த முகாம்களில் ஹெபடைடிஸ் ஈ பரவியது. மலத்தால் கெட்ட தண்ணீரில் பரவும் மஞ்சள் காமாலை அது, கர்ப்பிணிகளுக்கு ரொம்ப ஆபத்து. குளோரின் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனாலும் பரவியது. 2013-இல் சையத் இம்ரான் அலியும் குழுவினரும் அங்கே ஒரு எளிய காரியம் செய்தார்கள். குழாயடியில் குளோரினை அளந்துவிட்டு, அதே தண்ணீரைத் தலைச்சுமையோடு பின்தொடர்ந்து வீட்டுக்குப் போய், சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் அளந்தார்கள். குழாயில் விதிப்படி இருந்த தண்ணீரில், வீட்டில் குடிக்கும் நேரத்துக்குக் காவல் பல இடங்களில் கரைந்து போயிருந்தது. வெயில், சூடு, அழுக்குக் கேன், கை எல்லாம் குளோரினைத் தின்றுவிடும். பத்து மணி நேரம் கழித்தும் 0.2 நிற்கவேண்டும் என்றால் அந்த முகாம்களில் குழாயடியிலேயே 1 மில்லிகிராம் வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். பழைய விதியைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு.

அப்போ எல்லா இடத்திலும் 1 என்று போட்டுவிடலாமா என்றால், அதுவும் முடியாது. பின்னால் ஜோர்டானிலும் ருவாண்டாவிலும் உள்ள முகாம்களில் இதே மாதிரி பின்தொடர்ந்து அளந்தபோது குளோரின் கரையும் வேகம் இடத்துக்கு இடம் வேறாக இருந்தது. அளவைக் கூட்டினால் வாடையும் கூடும். மருந்து வாடை அடிக்கிற தண்ணீரை மக்கள் துணி துவைக்க வைத்துக்கொண்டு, குடிக்க ஆற்றுக்குப் போய்விடுவார்கள். 1990-இல் நியாமிதுதுவில் ஆற்றுத் தண்ணீர் என்ன செய்தது என்று மேலே பார்த்தோம். ஆக, தொட்டியில் குளோரின் கலக்கிறவருக்கு ஒவ்வொரு முகாமிலும் தனிக் கணக்கு. குழாயடியில் பிடிக்கும்போது ஒரு தடவை, அதே கேனைத் தேடிப் போய் வீட்டில் ஒரு தடவை என்று இரண்டு இரண்டாக அளந்து சேர்த்தால், இந்த ஊர் வெயிலுக்கு, இந்த ஜனங்கள் தண்ணீரை வைத்திருக்கும் நேரத்துக்கு எவ்வளவு போடவேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் கருவி ஒன்றை அதே ஆராய்ச்சியாளர்கள் இப்போது இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தேவையான எண்ணில் பாதி குழாயடியில் கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு ஒருவர் குடிசை குடிசையாக நடக்கவேண்டும்.